இருபத்தொன்பது புள்ளி நான்கு

அத்தியாயம் 17

வெறும் கண்ணாடியில் எதுவும் தெரியக் கூடாது.

கண்ணாடிக்குள் அணுக்கள் வரிசையில் நிற்பதில்லை. ரயில் வராத மேடையில் காத்திருக்கும் கூட்டம் மாதிரி, ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கும். எக்ஸ்ரே கதிர் அதில் பட்டுத் திரும்பினால் திரையில் மெத்தென்ற ஒரு மேடு வரும். கூரான முகடு வராது. முகடு, வரிசையில் நிற்கும் படிகங்களுக்கு மட்டும்தான்.

காலை எட்டே முக்காலுக்குச் சின்னவளின் திரையில் வெறும் கண்ணாடி ஒரு முகடு போட்டது.

இருபத்தொன்பது புள்ளி நான்கு டிகிரி.

அந்த எண்ணைப் பார்த்ததும் அவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அதை இன்னொரு முறை படித்தாள்.

அந்த முகடுதான் அவளுடைய நாலு வருஷம். துத்தநாக ஆக்சைடு படலத்துக்குள் வெள்ளி நானோ துகள்களைச் சேர்த்து, நானூற்று ஐம்பது டிகிரிக்கு மேல் சூடாக்கினால் இதுவரை யாரும் பார்க்காத ஒரு புதிய படிகம் பிறக்கிறது. அதன் அடையாளம் இருபத்தொன்பது புள்ளி நான்கு. ஆறு மாதத்துக்கு முன் ஆய்விதழில் வந்த கட்டுரை அதைத்தான் சொன்னது. மூன்றாம் வாரத்தில், அந்தக் கட்டுரையின் முதல் பக்கத்தை அம்மா குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வைத்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

போன வாரம் பேருந்தில் நின்றபடி அவள் படித்தாளே, வெளித் தேர்வாளரின் இரண்டு வரிக் கடிதம், அதுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். "வேலை நன்றாக இருக்கிறது. படலம் பூசாத வெறும் கண்ணாடியை இதே முறையில் எடுத்த வரைபடத்தையும் கருத்தரங்கில் காட்டவும்."

அது ஒரு சம்பிரதாயக் கேள்வி. கண்ணாடியில் எதுவும் வராது, காட்டிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடலாம். கருத்தரங்கு இன்று மூன்று மணிக்கு. அது முடிந்தால் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கலாம்.

சின்னவள் எந்திரத்தின் கனத்த கதவைத் திறந்தாள். உள்ளே விரல்நகம் அளவு கண்ணாடித் துண்டு, தாங்கியின் குழிக்குள் உட்கார்ந்திருந்தது. துண்டு சரியான உயரத்தில் நிற்பதற்காக அடியில் களிமண் வைத்து அழுத்துவது வழக்கம். குழந்தைகள் பொம்மை செய்யும் பச்சைக் களிமண்.

துண்டு சின்னது. களிமண் நான்கு பக்கமும் பிதுங்கி நின்றது.

அவள் கண்ணாடியை எடுத்துவிட்டு, களிமண்ணை மட்டும் வைத்துக் கதவை மூடினாள். இருபது நிமிடம். திரையில் கோடு மெதுவாக நகர்ந்தது. இருபத்தைந்து. இருபத்தேழு. இருபத்தெட்டு.

இருபத்தொன்பது புள்ளி நான்கில் கோடு திரையின் உச்சியை முட்டியது.

*

"அக்கா, இந்தக் களிமண் எத்தனை நாளா இருக்கு?"

பெரியவள் அப்போதுதான் பையை ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தாள். எக்ஸ்ரே எந்திரத்தைப் பதினான்கு வருஷமாக ஓட்டுகிறவள் அவள். துறையில் மாணவர்களில் பாதிப் பேருக்கு அவள் பெயர் தெரியாது. எக்ஸ்ரே அக்கா என்றால்தான் தெரியும். சொந்தத் தங்கைக்கும் இந்த அறையில் அவள் எக்ஸ்ரே அக்காதான்.

அவள் திரையைப் பார்த்தாள். ஒரு நொடிதான் பார்த்தாள்.

"பதினாலு மாசம். முன்னாடி மெஷின் கம்பெனி கொடுத்த சாம்பல் கலர் பசை இருந்தது, அதுல ஒண்ணும் வராது. அது தீந்துபோச்சு. வேணும்னு எழுதிக் கொடுத்தேன். பொம்மைக் கடையில கிடைக்கறதுக்கு எதுக்கு இவ்வளவு செலவுன்னு சார் திருப்பி அனுப்பிட்டார். அவரே ஒரு டப்பா வாங்கிட்டு வந்தார். ஆறு கலர்."

சார் என்றால் பேராசிரியர். பெரியவளின் கணவர், சின்னவளின் ஆய்வு வழிகாட்டி. வீட்டில் அத்தான், இங்கே சார்.

"என் புது பீக் வந்து பதினோரு மாசம் ஆகுது," என்றாள் சின்னவள்.

"தெரியும்."

"பெரிய கண்ணாடியில அது வந்ததே இல்ல. நானூறு டிகிரி வரைக்கும் பெரிய உலையில முழுக் கண்ணாடியா வெச்சேன். அதுக்கு மேல சூடாக்கணும்னா குழாய் உலை. அது ரெண்டு விரல் அகலம்தான். அதுக்குள்ள போகணும்னு துண்டு துண்டா வெட்டினேன். துண்டு சின்னதானா களிமண் வெளிய தெரியும். வெளிய தெரிஞ்சா..." அவள் திரையைத் தொட்டுக் காட்டினாள். "சூட்டுல எதுவும் பிறக்கலக்கா. நான் வெட்டினதுலதான் பிறந்துச்சு."

பெரியவள் ஆச்சரியப்படவே இல்லை. அதுதான் சின்னவளைச் சுட்டது.

"உனக்குத் தெரியுமா?"

"உக்காரு."

"தெரியுமான்னு கேட்டேன்."

பெரியவள் மேசை இழுப்பறையைத் திறந்து எந்திரப் பதிவேட்டை எடுத்தாள். நீளமான, முனை மடங்கிய நோட்டு. தேதி, யார், மாதிரித் துண்டின் எண், எத்தனை நிமிடம், குறிப்பு. குறிப்பு என்ற கட்டம் பெரும்பாலும் காலியாகவே இருக்கும். எட்டு மாதம் பின்னால் புரட்டி, ஒரு பக்கத்தில் விரலை வைத்தாள்.

அவளுடைய சின்ன, சாய்வான கையெழுத்து. "பச்சைக் களிமண்ணை மட்டும் வைத்துப் பார்த்ததில் 29.4 வருகிறது. சிறிய துண்டுகள் எல்லாவற்றையும் களிமண் இல்லாமல் மறுபடி எடுக்க வேண்டும்."

பக்கத்தின் அடியில், எல்லாப் பக்கத்திலும் இருப்பது போல, பச்சை மையில் ஒரு சுருக்கொப்பம்.

"எட்டு மாசமா?" என்றாள் சின்னவள். "எட்டு மாசமா என்னைப் பாத்துக்கிட்டே இருந்தியா? அந்தக் கட்டுரை வந்தப்போ, அம்மா எல்லாரையும் கூப்பிட்டுக் காமிச்சப்போ, நீயும்தானே கை தட்டினே?"

"தட்டினேன்."

"நீ எல்லாம் ஒரு அக்காவா?"

பெரியவள் பதிவேட்டை மூடினாள். அவளுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, தாழும். இப்போது நன்றாகவே தாழ்ந்தது.

"உன்கிட்ட ரெண்டு தடவை வாயைத் திறந்தேன். முதல் தடவை என்ன சொன்னே? ஞாபகம் இருக்கா? 'நீ மெஷினைப் பாத்துக்கோக்கா, தியரியை நான் பாத்துக்கறேன்.' ரெண்டாவது தடவை, காதுல பாட்டு கேட்டுக்கிட்டே, 'உனக்குப் புரியாதுக்கா.' புரியாதவ அப்புறம் எதுக்குப் பேசணும்?"

சின்னவளுக்குக் காது சுட்டது. அப்படிச் சொன்னது நிஜம்.

"அவர்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்."

"சொல்லலைன்னு யார் சொன்னா? இங்க சொன்னேன். 'குடும்ப விஷயத்தை லேபுக்குள்ள கொண்டு வராதே, உன் தங்கைன்னு பதறாதே, வீட்டுல பேசலாம்'னார். வீட்டுல சொன்னேன். 'சாப்பிடற நேரத்துல லேபைக் கொண்டு வராதே'ன்னார். நான் எங்கதான் பேசறது? படிக்கட்டுலயா? எழுதினேன். எழுதறதுக்குத்தானே இந்தக் கட்டம் இருக்கு. கையெழுத்தும் போட்டார்."

வெளியே நடையில் யாரோ டிராலி தள்ளிக்கொண்டு போனார்கள். சிலிண்டர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு போகும் சத்தம் வெகு தூரம் கேட்டது.

"உன் கட்டுரையோட கடைசியில நன்றின்னு போட்டிருந்தியே," என்றாள் பெரியவள். "'எக்ஸ்ரே வசதிக்கு நன்றி.' மெஷினுக்கு நன்றி சொன்னே. அதை ஓட்டினவளுக்குச் சொல்லலை. அன்னைக்குக் கை தட்டினது மெஷின் சார்பா."

*

பேராசிரியரின் அறையில் எப்போதும் கண்ணாடி துடைக்கும் திரவத்தின் வாசனை வரும். மேசையில் ஒரு தூசி இருக்காது. பேனா தாங்கியில் பச்சைப் பேனா மட்டும் மூடி திறந்தபடி, ஆயத்தமாக நிற்கும்.

சின்னவள் இரண்டு வரைபடங்களையும் அவர் முன்னால் வைத்தாள். வெறும் கண்ணாடி. வெறும் களிமண்.

அவர் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, இன்னொரு முறை பார்த்தார்.

"கதவைச் சாத்து."

"திறந்தே இருக்கட்டும் சார்."

அவரே எழுந்து போய்ச் சாத்தினார்.

"தெரியும்," என்றார். அவ்வளவு சுலபமாகச் சொல்வார் என்று அவள் நினைக்கவில்லை. அவள் தயார் செய்து வந்த வாக்கியங்கள் எல்லாம் வீணாயின. "உங்க அக்கா எழுதினப்போ கட்டுரையை அனுப்பியாச்சு. திரும்ப வாங்கினா பேர் கெட்டுப் போகும். உன் பேரும்தான். ஒருவேளை களிமண் கொஞ்சம், புதுப் படிகம் கொஞ்சம்னு ரெண்டும் சேர்ந்து இருக்கலாம்னு நினைச்சேன். இப்பவும் நினைக்கறேன்."

"மறுபடி எடுத்துப் பாத்திருந்தா நினைக்க வேண்டியதே இல்லையே சார்."

"எடுக்கலாம். எடுக்கத்தான் போறோம். ஒரு வாரம் கழிச்சு." அவர் நாற்காலியை முன்னால் இழுத்தார். குரலில் வீட்டு அத்தான் வந்துவிட்டார். "வியாழக்கிழமை எனக்கு இன்டர்வியூ. புது மையத்துக்கு இயக்குநர். இந்தக் கட்டுரையை வெச்சுத்தான் கூப்பிட்டிருக்காங்க. அது முடியட்டும். நானே ஆய்விதழுக்குத் திருத்தம் எழுதறேன். இன்னைக்கு அந்தக் கண்ணாடி கிராஃபைக் காட்டாதே. மெஷின் ரிப்பேர்னு சொல்லிடலாம்."

"மெஷின் ஓடிட்டு இருக்கு. நான் இப்போ அங்கிருந்துதான் வரேன்."

"சின்னவளே, உன் நாலு வருஷத்தை நீயே குப்பையில போடறதா முடிவு பண்ணிட்டியா? உதவித்தொகை அடுத்த மாசத்தோட நிக்குது. மறுபடி ஆரம்பிக்க உனக்கு யார் நேரம் கொடுப்பா?"

அது சரியான இடத்தில் விழுந்தது. நேற்று ராத்திரிவரைக்கும் அவள் பயந்ததும் அதற்குத்தான்.

"திருத்தத்துல என்னன்னு எழுதுவீங்க?" என்று கேட்டாள். "எப்படித் தப்பு நடந்துச்சுன்னு?"

அவர் கொஞ்சம் யோசிப்பது போல் பாவனை செய்தார். யோசித்து வைத்திருந்தார் என்பது தெரிந்தது.

"மாதிரியைப் பொருத்தறதுல ஆபரேட்டர் பிழை. ஒரே வரி. யாரும் பெரிசா எடுத்துக்க மாட்டாங்க."

"ஆபரேட்டர்னா அக்கா."

"பேரெல்லாம் போட மாட்டோம்."

"மெஷினுக்கு ஒரே ஒரு ஆபரேட்டர்தான் இருக்கா, அத்தான்."

அந்தக் கட்டிடத்துக்குள் அவரை அவள் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவர் கை பேனா தாங்கிக்குப் போய் நின்றது.

"கண்டுபிடிச்சவளே அவதான்," என்றாள் சின்னவள். "பசை கேட்டவளும் அவதான். களிமண்ணை வாங்கிட்டு வந்தது நீங்க. வெட்டினது நான். இதுல தப்புப் பண்ணாத ஒரே ஆள் மேல தப்பை எழுதறீங்க. நாளைக்குக் காலையில அவ போடற காப்பியை எப்படிக் குடிப்பீங்க?"

"வெளிய போ," என்றார் பேராசிரியர்.

*

பதினொன்றரைக்கு உணவகத்தில் அம்மா உட்கார்ந்திருந்தாள். கருத்தரங்கு மூன்று மணிக்கு. ஆனாலும் பிளாஸ்கும், நல்ல செருப்பும், கைப்பையில் மடித்து வைத்த கட்டுரைப் பிரதியுமாக வந்துவிட்டாள். போன வருஷம் முதல் அம்மா பெரியவளின் வீட்டில்தான் இருக்கிறாள். அவளுக்கென்று ஓர் அறை, சன்னல் பக்கம் கட்டில்.

"மாப்பிள்ளை போன் பண்ணார்," என்று ஆரம்பித்தாள்.

"அதுக்குள்ளயா?"

"ஏதோ களிமண்ணாம். எனக்கு ஒண்ணும் புரியல. நாலு வருஷம் களிமண்ணா பண்ணிட்டு இருந்தே? இதுக்கு எதுக்குடி இவ்வளவு படிப்பு?"

எரிச்சலின் நடுவிலும் சின்னவளுக்குச் சிரிப்பு வந்தது. அது அழுகையாக மாறுவதற்குள் தண்ணீர் குடித்தாள்.

"ஒரு வாரம்தானே பொறுத்துக்கச் சொல்றார்," என்றாள் அம்மா. "நீ இன்னைக்கு ஏதாவது பேசி வெச்சா, சாயங்காலம் உங்க அக்கா எந்த வீட்டுக்குப் போவா? நான் எந்த வீட்டுக்குப் போவேன்? உனக்கென்ன, ஹாஸ்டல்ல ஒத்தைக் கட்டில். கதவைச் சாத்திட்டுப் புஸ்தகம் படிச்சுட்டுத் தூங்கிடுவே."

"அவர் அக்கா மேல பழியைப் போடப் போறார். அதைச் சொன்னாரா?"

அம்மா பிளாஸ்கின் மூடியைத் திருகினாள். திறக்கவில்லை, இன்னும் இறுக்கினாள்.

"அதெல்லாம் பேப்பர்ல ஒரு வரிதானே. உங்க அக்கா பொறுத்துக்குவா. அவ எதைத்தான் பொறுத்துக்கல."

"அதுதாம்மா எனக்கு இப்போ எரியுது," என்றாள் சின்னவள். "நாம எல்லாரும் அதையே சொல்லித்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கோம்."

எழுந்து நடந்தாள். சாப்பிடவில்லை. ஒன்றரை மணிக்கு எக்ஸ்ரே அறையைக் கடந்தபோது கதவுக்கு மேல் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. உள்ளே எந்திரம் எதையோ அளந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். இன்று அவளைத் தவிர வேறு யாரும் நேரம் கேட்டு எழுதவில்லை. அதைப் பற்றி யோசிக்க அவளுக்கு அப்போது மனமில்லை.

மாணவர் அறையில் அவளுடைய தட்டு மட்டும் மேசையில் இருந்தது. அதில் மீதிக் கண்ணாடித் துண்டுகள். ஒவ்வொன்றும் பத்து தடவை சுழல்தட்டில் சுற்றி, பத்து தடவை காய்ந்தது. வெளிச்சத்தில் சாய்த்தால் லேசான ஊதாவும் பொன்னும் ஓடும். சில சமயம் அதைப் பார்த்துக்கொண்டே, தான் போகாத ஊர்களின் உறைந்த ஏரிகளை நினைத்துக்கொள்வாள். இன்று அவை வெட்டுப்பட்ட கண்ணாடியாக மட்டும் தெரிந்தன.

முப்பத்திரண்டு படங்கள் இருந்தன கருத்தரங்குக்கு. பதினெட்டாவது படத்துக்குப் பின்னால் ஒன்றைச் சேர்த்தாள். பிறகு இன்னொன்று.

*

கருத்தரங்கு அறையில் இருபது நாற்காலி, பதினாறு பேர். அம்மா முதல் வரிசை. பக்கத்து நாற்காலியில் பிளாஸ்கும் கைப்பையும். பேராசிரியர் சன்னலோரம். இணைய வழியில் சேர்ந்திருந்த வெளித் தேர்வாளரின் முகம் சுவரில் விழுந்தது. அந்தப் பெண்மணி கேமராவை எப்படி வைத்திருந்தாரோ, நெற்றியும் புருவமும் மட்டும்தான் தெரிந்தன. ஒன்றரை மணி நேரம் அந்தப் புருவத்தோடுதான் பேச வேண்டும்.

முதல் பதினேழு படங்கள் தண்ணீராக ஓடின. துகள்களைச் செய்தது, மஞ்சள் திரவம், படலம் பூசியது, மின்நுண்ணோக்கிப் படங்கள். பதினெட்டாவது படம், புகழ்பெற்ற முகடு. பேராசிரியர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"நீங்க வெறும் கண்ணாடியைக் கேட்டிருந்தீங்க மேடம்," என்றாள் சின்னவள்.

பொத்தானை அழுத்தினாள். கண்ணாடி. மறுபடி அழுத்தினாள். களிமண்.

சுவரிலிருந்த புருவங்கள் மேலே போயின.

"மூணுலயும் ஒரே இடம்," என்றாள். அவள் குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போலிருந்தது. "இருபத்தொன்பது புள்ளி நான்கு. மாதிரியைப் பொருத்தற களிமண்ணோட முகடு அது. புதுப் படிகம்னு நாங்க எழுதினதுக்கு இப்போ எங்ககிட்ட ஆதாரம் இல்ல. என் ஆய்வேட்டோட அஞ்சாவது அத்தியாயம் நிக்காது. கட்டுரையும் நிக்காது."

பின்வரிசையில் யாரோ "ஐயோ" என்றார்கள், மிக மெதுவாக.

பேராசிரியர் எழுந்தார். சிரித்தபடியே எழுந்தார். அந்தச் சிரிப்பைச் சின்னவள் கல்யாண வீடுகளில் பார்த்திருக்கிறாள்.

"நானே சொல்லணும்னு இருந்தேன் மேடம். சமீபத்துலதான் எங்க கவனத்துக்கு வந்தது. தொழில்நுட்ப உதவியாளர் மாதிரியைப் பொருத்தினதுல ஒரு பிழை. அவங்களுக்கு இந்த அறிவியல் பின்னணி இல்ல, அவங்களைக் குறை சொல்லவும் முடியாது. நாங்க விளக்கம் கேட்டு நடவடிக்கை..."

"பிழை எதுவும் இல்லை," என்றது கதவுப் பக்கத்துக் குரல்.

பெரியவள் நின்றாள். அந்த அறைக்கு அவள் வந்ததே இல்லை. தொழில்நுட்ப உதவியாளர்கள் வரக் கூடாது என்று விதி இல்லைதான். ஆனாலும் யாரும் வந்ததில்லை. அவள் கையில் முனை மடங்கிய நீள நோட்டு.

பேராசிரியர் அவளைப் பார்த்தார். "இது குடும்பத்துக்குள்ள பேசற விஷயம் இல்ல," என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு.

"ஆமா," என்றாள் பெரியவள். "லேப் விஷயம். லேப்லதான் பேசறேன்."

அப்போது அம்மா ஒரு காரியம் செய்தாள். பக்கத்து நாற்காலியிலிருந்த பிளாஸ்கையும் பையையும் எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். மாப்பிள்ளையின் பக்கம் திரும்பவில்லை. காலியான நாற்காலியைக் கையால் ஒரு தடவை துடைத்தாள்.

பெரியவள் உட்காரவில்லை. நேராக நடந்து வந்து தங்கைக்குப் பக்கத்தில் நின்று, பதிவேட்டைத் திறந்தாள். திறந்த வேகத்தில் நாலாக மடித்த ஒரு தாள் நழுவித் தரையில் விழுந்தது. சின்னவள் குனிந்து எடுத்தாள். அதன் வெளிப்புறத்தில் அக்காவின் சாய்வான எழுத்து. "500 டிகிரி துண்டு. களிமண் இல்லாமல். இன்று 1.20."

சிவப்பு விளக்கு.

முகடு இருக்கிறதா இல்லையா என்று பிரித்துப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. உள்ளங்கைக்குள் வைத்து மூடிக்கொண்டாள்.

"எட்டு மாசத்துக்கு முன்னாடி எழுதினது மேடம்," என்று பெரியவள் சுவரைப் பார்த்துச் சொன்னாள். "இந்த முகடு எங்கேருந்து வருதுன்னு அன்னைக்கே எழுதி வெச்சிருக்கு."

சுவரில் அந்த நெற்றி கேமராவை நெருங்கியது. முதல் தடவையாகக் கண்கள் தெரிந்தன. "கீழே பச்சையில ஒரு கையெழுத்து தெரியுது. அது யாருடையது?"

பதினாறு பேரும் யாரையும் பார்க்காமல் இருக்க முயன்றார்கள். அந்தப் பச்சை அங்கே எல்லோருடைய கோப்பிலும் இருந்தது.

பெரியவள் சன்னல் பக்கம் போனாள். பதிவேட்டைக் கணவருக்கு நேராகத் திருப்பி, இரண்டு கையாலும் நீட்டினாள். வீட்டில் தட்டை நீட்டுவதும் அப்படித்தான்.

"நீங்களே படிச்சுக் காமிங்க."

"என்ன இது, எல்லார் முன்னாடியும்..."

"படிச்சுட்டுத்தானே கையெழுத்துப் போட்டீங்க. இல்ல, படிக்காம போட்டீங்களா? எதுன்னாலும் சொல்லுங்க, மேடம் காத்துக்கிட்டு இருக்காங்க."

அவர் அறையைப் பார்த்தார். மாமியாரைப் பார்த்தார். அம்மா தன் மடியிலிருந்த பிளாஸ்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் சட்டைப் பையிலிருந்து மூக்குக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, பதிவேட்டை வாங்கினார்.

தேதியிலிருந்து ஆரம்பித்தார். பிறகு நேரம். பிறகு மாதிரியின் எண். குறிப்பு என்ற கட்டத்துக்கு வந்ததும் குரல் இறங்கியது.

"பச்சைக் களிமண்ணை மட்டும் வைத்துப் பார்த்ததில்..." என்று படித்து, நிறுத்தினார்.

சின்னவளின் கைக்குள் தாள் வியர்வையில் நனைந்துகொண்டிருந்தது.

"முழுசாப் படிங்க," என்றாள் பெரியவள்.